பிழைவிடத் தெரியாத கை

அக்கா,

சலவை அறைக் கதவை யாரோ திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். இஸ்திரி உருளையில் போட்டெடுத்த படுக்கை விரிப்புகளின் சூட்டு மணம் படியேறிச் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நின்றேன். கை அப்படியே நின்றுபோனது. தலைமைச் சமையற்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். வெங்காயம் என்றேன். வெங்காயம் அந்தப் பக்கத்திலேயே இல்லை. அவர் நல்ல மனிதர், மிச்சக் கிழங்கைத் தானே உரிக்கத் தொடங்கினார்.

நீங்கள் போய் ஐந்து மாதம். உங்கள் இடத்தில் இப்போது ஒரு போர்த்துக்கல் பெண் நிற்கிறாள். நல்ல பிள்ளை, பாடிக்கொண்டே துணி மடிப்பாள். அவளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கதவடியால் போக எனக்கு மனமில்லை. இந்த முதியோர் இல்லத்தின் பின்வாசலை இத்தனை வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் பயன்படுத்துகிறேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அதில் ஒரு வசதி உண்டு, உங்களால் இதைத் திருத்த முடியாது. நாங்கள் இருவரும் கதைத்ததெல்லாம் டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில். அதுவும் நீங்கள் பாதி, நான் பாதி, மிச்சத்தைக் கைகள் பார்த்துக்கொண்டன. வேலையிடத்து வழக்கப்படி ஒருவரையொருவர் 'டூ' என்றுதான் கூப்பிட்டோம். தமிழில் உங்களை 'நீ' என்று எழுத என் கை வராது. என்னிலும் ஐந்து வயது மூத்தவர் நீங்கள். நீங்கள் சொன்னவற்றை எழுதப் போனாலோ அவை யாழ்ப்பாணத்துப் பேச்சாகத்தான் வந்து விழுகின்றன. லித்துவேனியாவில் பிறந்தவரை யாழ்ப்பாணத்தவராக்கிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதன்முதல் கண்டது நினைவிருக்கிறதா? நீங்கள் வேலைக்கு வந்த இரண்டாம் கிழமை. 'ஸ்நூனி' என்று இங்கே சொல்கிற ஒன்பது மணி இடைவேளை. ஊழியர் அறைக்குள் நான் வந்தபோது, கைகழுவுவது பற்றி முகாமையாளர் ஒட்டியிருந்த அறிவித்தலில் நீங்கள் சிவப்புப் பென்சிலால் ஏதோ கீறிக்கொண்டு நின்றீர்கள். தகுதிகாண் காலத்திலேயே மனுசி வேலையைத் தொலைக்கப் போகிறாவே என்று பயந்து கிட்ட வந்து கேட்டேன்.

"உங்களுக்கு டொச் அவ்வளவு தெரியுமோ?"

"தெரியாது," என்றீர்கள். "ஆனா பிழை தெரியும்."

அதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமைதான் கோயில் திருவிழா அறிவித்தலில் நான் பேனையால் நான்கு இடம் திருத்திவிட்டு, தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். இதைச் சொன்னதும் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டீர்கள். பாம்பின் கால் பாம்பறியும் என்பது வேறென்ன? நான் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறவன். நீங்கள் வில்னியஸில் முப்பது வருடம் வானொலியில் மொழி திருத்தியவர். இரண்டு பேரும் சுவிசின் ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்து ஊழியர் அறையில் வந்து சந்தித்திருக்கிறோம்.

உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் சொன்னபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அறிவிப்பாளர்கள் கதைப்பதைக் காதுக்குள் கருவி வைத்துக் கேட்பீர்களாம். எங்கே பிழை என்று குறிப்பீர்களாம். பெரும் பிழைகள் என்று அரசாங்கமே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்ததாம். அவற்றைத் திரும்பத் திரும்ப விட்டால் தண்டமும் வரக்கூடுமாம்.

"எங்கட ஆக்களுக்கு அப்பிடியொரு சட்டம் வந்தா முழுச் சனமும் மறியலிலை கம்பி எண்ணவேண்டியதுதான்," என்றேன்.

"சிரிக்காதேயும்," என்றீர்கள். "எங்கட எழுத்திலை புத்தகம் அடிக்கக் கூடாதெண்டு ரஷ்ய மன்னன் நாப்பது வருசம் தடை போட்டவன். எங்கட சனம் பக்கத்து நாட்டிலை அச்சடிச்சு, வைக்கலுக்குள்ளை ஒளிச்சு எல்லை தாண்டிக் கொண்டு வந்தது. பிடிபட்டவையைச் சைபீரியாவுக்கு அனுப்பினவங்கள். அப்பிடி வந்து சேந்த மொழியைக் கண்டபடி கதைக்க விட ஏலுமோ?"

எங்கள் ஊரில் நூலகத்தையே எரித்தார்கள் என்றேன். உங்கள் கறுத்தப் பாணில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை ஸ்நூனி! உங்களுடையதுதான் ஐரோப்பாவிலேயே மிகப் பழைய பேச்சு என்று நீங்கள், எங்களுடையதற்கு வயதே கணக்கில்லை என்று நான். பக்கத்து மேசையில் இருந்த தாதிகள் இதென்ன சண்டை என்று பார்ப்பார்கள். ஆனால் எல்லாம் வீம்பு இல்லை அக்கா. ஊருக்கு ஒரு பேச்சாகக் கிடந்த சனத்துக்குப் பொதுவாக ஒரு மொழியைக் கட்டி, பள்ளிக்கூடம், நீதிமன்றம், செய்தி எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்ததால்தான் உங்கள் நாடு நாடாக நின்றது என்று நீங்கள் சொன்னதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். அத்தனை தடைக்குள்ளும் ரஷ்ய மொழியால் அதை விழுங்க முடியவில்லை. வெறும் மூன்று மில்லியன் பேர். திருத்தாமல் விட்டிருந்தால் மிஞ்சியிருக்குமோ என்று கேட்பீர்கள். மிஞ்சியிருக்காது என்பேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒருநாள், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், நான் கேட்காமலே உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னீர்கள். நீங்கள் பிறந்தது நாட்டின் வடமேற்கில். அந்தப் பக்கத்துப் பேச்சு வேறு. உங்கள் பொதுமொழி தெற்குப் பக்கத்துப் பேச்சின் மேல் கட்டப்பட்டது. பள்ளிக்கூடத்தில் உங்கள் வாயைப் பார்த்துச் சிரித்தார்களாம். நீங்கள் ரோசக்காரி. ஒரு வருடத்துக்குள் சிரித்தவர்களை விடச் சுத்தமாகக் கதைத்துக் காட்டினீர்கள். வானொலிக்குப் போன பிறகு ஊருக்குத் திரும்பிய ஒரு விடுமுறையில் அம்மாவைப் பேச்சுக்குப் பேச்சு திருத்தியிருக்கிறீர்கள்.

"அதுக்குப் பிறகு அம்மா என்னோடை கதைக்கேக்கை, கோயிலிலை பாதிரியாரோடை கதைக்கிற மாதிரிக் கதைப்பா. யோசிச்சு யோசிச்சு. நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டதும் பக்கத்து வீட்டு மனுசியோடை பழையபடி கலகலவெண்டு கதைக்கிறது ஒழுங்கை வரைக்கும் கேக்கும். பெத்த தாய் எனக்கு முன்னாலை வெக்கப்பட்டவ."

அன்று உங்கள் தேநீர் ஆறிப்போனது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்தேன், ஏனென்றால் நீங்கள் அடுத்ததாக மகளைப் பற்றிச் சொல்லப் போகிறீர்கள் என்று தெரிந்தது. நீங்கள் மகளைச் சொன்னால் நானும் என் மகள் மயூரியைச் சொல்ல வேண்டி வரும்.

உங்கள் மகள் படிக்கவென்று சுவிசுக்கு வந்து, இங்கேயே கலியாணம் முடித்து, துன் நகரில் ஏரிக்கரை விடுதியொன்றில் வேலை செய்கிறவள். முதல் வருடங்களில் மாதம் ஒரு கடிதம் எழுதுவாளாம். நீங்கள் அதை வாசித்து, அழுது, பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பிழையாகத் திருத்தி, உங்கள் பதிலோடு அந்தக் கடிதத்தையும் அதே உறைக்குள் வைத்துத் திருப்பி அனுப்புவீர்களாம்.

"அவளின்ரை கடிதத்தை அவளுக்கே திருப்பி அனுப்பினியளோ?" என்று கத்திவிட்டேன். தாதிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேறை எப்பிடி அவளுக்குப் பிழை தெரியிறது?" என்று கேட்டீர்கள். பிறகு மெல்லச் சொன்னீர்கள்: "எங்கட வீட்டிலை அதுதான் அன்பு. வேறை விதமாக் காட்ட எனக்குத் தெரியாது."

கடிதங்கள் கட்டையாகின. பிறகு நின்றன. கணவர் செத்த பிறகு நீங்கள் மகளுக்குக் கிட்ட இருக்கலாம் என்று இங்கே வந்தால், அவள் உங்களோடு டொச்சில் கதைத்தாள். தாயோடு டொச்! உங்களுக்கு அரைகுறையாக வரும் மொழியில். அதற்குள் இருக்கும்வரை உங்களால் அவளைத் திருத்த முடியாது, அதுதான் காரணம். என் மயூரியும் அதையேதான் செய்தாள். நாங்கள் பிழைவிடும் மொழிக்குள் ஓடிப்போய் நின்றுகொண்டார்கள் இந்தப் பிள்ளைகள்.

மயூரி கதையை உங்களிடம் மட்டுந்தான் முழுவதாகச் சொன்னேன். அவளுக்குப் பதினான்கு வயது. பாடசாலை ஆண்டுவிழாவில் பேச்சுப் போட்டி, நடுவர்களில் நானும் ஒருவன். ஒரு மாதமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினாள், பாவம். மகள் என்பதால் விட்டுக்கொடுத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற கண்டறியாத நேர்மை எனக்கு. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கையை உயர்த்தி நிறுத்தி, சபை முழுவதும் கேட்க, "அந்த வசனத்தைத் திருத்திச் சொல்லும்" என்றேன். திருத்திச் சொன்னாள். இரண்டாவது முறையும் நிறுத்தினேன். அவள் ஒலிவாங்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள். அன்று காரில் வரும்போது 'அப்பா' என்ற ஒரு சொல்லைத் தவிர மிச்சமெல்லாம் சுவிஸ் டொச். இப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது, வின்டர்தூரில் தனியாக இருக்கிறாள். அந்த ஒரு சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் சொல்லி முடித்ததும் நீங்கள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நாங்கள் ரெண்டு பேரும் மொழியைக் காப்பாத்திப்போட்டம்," என்றீர்கள். அவ்வளவுதான். மணி அடித்தது, நீங்கள் கீழே போனீர்கள்.

பிறகு உங்கள் வயிற்றுக்குள் கட்டி வந்தது. வேலை முடிந்ததும் பின்னேரங்களில் நான் ஆஸ்பத்திரிக்கு வருவேன். மகளும் வந்து போவாள், சாமான்கள் கொண்டு வருவாள், வைத்தியரோடு கதைப்பாள், எல்லாம் ஒழுங்காக, எல்லாம் டொச்சில். ஒருநாள் தாளும் பென்சிலும் வாங்கிவரச் சொன்னீர்கள்.

"மகளுக்கு ஒரு கடிதம் எழுதப் போறன்," என்றீர்கள். "அம்மா கதைச்ச மாதிரி. எங்கட ஊர்ப் பேச்சிலை, பிழை எண்டு நான் வெட்டித் தள்ளினதெல்லாம் போட்டு. அதை வாசிச்சா அவளுக்கு விளங்கும், நான் திருந்திட்டன் எண்டு."

எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா! நல்ல யோசனை அக்கா, எழுதுங்கோ என்றேன். நீங்கள் எழுதத் தொடங்கினீர்கள். ஒரு வரி எழுதுவீர்கள். பென்சில் திரும்பிப் போய் ஒரு சொல்லை வெட்டும். மேலே சரியானதை எழுதும். தாளைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பீர்கள். மறுநாளும் அப்படித்தான். நான் பென்சிலைப் பறித்துவிட்டுப் பேனை தந்தேன். பேனையும் திருத்தியது. போனில் குரல் பதிந்து அனுப்புங்கோ என்றேன். பதிந்தோம். போட்டுக் கேட்டபோது உங்கள் முகம் கறுத்துவிட்டது. எனக்கு மொழி விளங்காவிட்டாலும் அது செய்தி வாசிக்கிற குரல் என்று விளங்கியது. அழிக்கச் சொன்னீர்கள்.

"கைக்குப் பிழைவிடத் தெரியேல்லை," என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "உள்ளுக்கை அம்மாவின்ரை சொல்லு வருது. வெளியிலை வர முதலே திருத்துப்படுது. நான் என்ன செய்ய? நான் என்ன செய்யிறது?"

உங்களை நான் அழுது கண்டதில்லை அக்கா. வார்டில் மற்றக் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் என்ன சொன்னேன்? நாளைக்கு வரும் என்றேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று எங்களில் சொல்வார்கள். அது என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். எட்டுத் தாள்கள், எட்டிலும் முதல் வரி மட்டும். வியாழக்கிழமை முற்பகல், நான் சமையலறையில் நிற்கும்போது நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள் என்று உங்கள் மகளே தொலைபேசி எடுத்துச் சொன்னாள்.

உங்கள் அலுமாரியைக் காலியாக்க அவள் இல்லத்துக்கு வந்த அன்று அந்தத் தாள்களைக் கொடுத்தேன். ஊழியர் அறையில் நின்றபடியே பார்த்தாள். முதலாவது தாள், இரண்டாவது தாள். எல்லாம் வெட்டும் திருத்தமும்.

"கடைசியிலையும் திருத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறா," என்றாள்.

இல்லை பிள்ளை, அப்படி இல்லை என்று சொல்ல வெளிக்கிட்டேன். அம்மா பிழையாய் எழுத ஆசைப்பட்டவ, கை விடேல்லை, அதற்காக அழுதவ என்று எனக்கு வந்த டொச்சில் எல்லாம் சொன்னேன். அவள் என்னை விசரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"என்ரை அம்மாவோ? பிழையாயோ?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு கதிரையில் இருந்துவிட்டாள். தாள்களை எறியவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு துன் ரயிலுக்குப் போய்விட்டாள். நம்பினாளோ இல்லையோ தெரியாது. உங்களுக்காக நான் செய்ய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

இனித்தான் நான் எழுத வந்த விசயம். இதுவரைக்கும் சுற்றிச் சுற்றி உங்கள் கதையைச் சொன்னதே இதைச் சொல்லப் பயந்துதான்.

உங்கள் மகள் வந்து போன அன்று பின்னேரம் வேலை முடிந்து ஆரே என்ற ஆற்றின் பாலத்தால் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். போன் ஒலித்தது. மயூரியின் செய்தி. நீங்கள் போனதை என் மனைவி பவானி அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். தமிழ் எழுத்தில் இருந்தது அக்கா! பதினொரு வருடத்துக்குப் பிறகு தமிழில். சினேகிதி போனதைக் கேட்டுக் கவலை, நீங்கள் தனிய இருந்து யோசிக்காதீங்கோ, ஞாயிற்றுக்கிழமை நான் வரட்டோ அப்பா என்று ஐந்தாறு வரி. எங்கேயிருந்து அந்த எழுத்தெல்லாம் தேடிப் பிடித்தாளோ! பிழைகள் இருந்தன. என்ன பிழைகள் என்று இங்கே எழுத மாட்டேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாலத்தின் நடுவில் நின்று, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, அவளுடைய வரிகளைத் திருத்தி, சரியானபடி திரும்ப எழுதி, அவளுக்கே அனுப்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோசத்தில்தான் செய்தேன். இவ்வளவு எழுதினவளுக்கு இந்த இரண்டு மூன்றையும் காட்டிக்கொடுத்தால் போதும், முழுக்க வந்துவிடும் என்று. உங்களுக்கு முன்னால் கத்தினேனே, அவளின்ரை கடிதத்தை அவளுக்கே அனுப்பினியளோ என்று. அந்த வாயை எதால் கழுவ? ஞாயிற்றுக்கிழமை வரட்டோ என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுத மறந்துபோனேன்.

'ஓகே' என்று ஒரு சொல் வந்தது, ஆங்கிலத்தில்.

பவானி என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு அதை மேசையில் எறிந்தாள். "உங்களுக்கு விசரே? பிள்ளை வரட்டோ எண்டு கேக்குது, நீங்கள் பிழை பாத்துக்கொண்டு நிக்கிறியளோ? கல்லிலை நார் உரிக்கலாம், உங்களைத் திருத்தேலாது!" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நண்டுக் கறி வைத்தாள். பின்னேரம் மூன்று மணி மட்டும் பார்த்திருந்தோம். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம், ஒருவரோடு ஒருவர் கதைக்காமல். அன்றிலிருந்து நான் அழைத்தால் மயூரி எடுப்பதில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். எழுதும்போதே என் தமிழ் எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு குளிராக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. தாயோடு கதைக்கிறாள். நான் அறைக்குள் வந்தால் பவானி குரலைத் தாழ்த்துகிறாள்.

சனிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சொன்னேன், அதுவும் பொய்யில்லை. பிள்ளைகளுடைய கொப்பியைத் திறந்தால் கை தன்பாட்டில் சிவப்புப் பேனையைத் தேடுகிறது. திருத்தாமல் விட்டால் மொழி போய்விடும், திருத்தினால் பிள்ளை போய்விடும். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். மற்ற வீடுகளில் எப்படியோ செய்கிறார்கள். நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை.

போன கிழமை பவானியின் போனிலிருந்து அழைத்தேன். தாய் என்று நினைத்து எடுத்தாள். வைத்துவிடுவாளோ என்ற பயத்தில், தமிழை விட்டுவிட்டு, சுவிஸ் டொச்சில் தொடங்கினேன். இவ்வளவு காலத்தில் அவளோடு நான் அந்த மொழியில் முழுதாக இரண்டு வசனம் கதைத்ததில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரயிலில், கடையில் நான் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் போதும், வாயைப் பொத்திச் சிரித்து, "அப்பிடி இல்லை அப்பா, இப்பிடி" என்று சொல்லித் தருவாள். மூன்று தரம் சொல்ல வைப்பாள். அதைத்தான் நம்பிக்கொண்டு தொடங்கினேன்.

பத்து நிமிடம் கதைத்தேன் அக்கா. உங்களைப் பற்றி, அந்தத் தாள்களைப் பற்றி, பாலத்தில் நான் செய்த வேலையைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை வா என்று. எல்லாம் பிழை. முன்பின் மாறி, தலைகால் தெரியாமல், பாதி வசனத்தில் சொல் கிடைக்காமல் நின்று. உங்கள் கைக்கு வராதது என் வாய்க்குத் தாராளமாக வந்தது. பிறகு வேண்டுமென்றே இன்னும் பிழையாகக் கதைத்தேன், எங்கேயாவது அவளால் பொறுக்க முடியாமல் போகும், "அப்பிடி இல்லை அப்பா" என்று ஒரு தரம் சொல்வாள் என்று.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவில் "ஷோ குவெட், அப்பா" என்றாள், பரவாயில்லை அப்பா என்று, இல்லத்தில் தாதிகள் கிழவர்களுக்குச் சொல்கிற அதே மெதுவான குரலில். வைத்துவிட்டாள்.

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இப்போது வேலைக்கும் வீட்டுக்கும் கொண்டு திரிகிறேன். அத்தனை பிழையில் ஒன்றைக்கூட அவள் திருத்தவில்லை.